ஷெர்வுட் காட்டுக்கூட்டத்தை மேசைக்குக் கொண்டுவருதல்: இடைக்கால வில்லாளர் மினியேச்சர்களைச் சேகரிக்கவும் வண்ணம் பூசவும் ஒரு முழுமையான வழிகாட்டி

மேசைப் போர்விளையாட்டுக்காக மினியேச்சர்களில், அதாவது விரலளவு வீரர் உருவங்களில், நான் முதன்முதலில் பூசி முடித்த காட்டுக்கூட்டத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பன்னிரண்டு பேருக்கும் ஒரே குப்பியிலிருந்து எடுத்த ஒரே பச்சை. கையில் எடுத்துப் பார்த்தபோது ஒவ்வோர் உருவமும் எனக்கு நிறைவளித்தது. மேசையில் பரப்பிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்ததும், பன்னிரண்டு மனிதர்களுக்குப் பதிலாக வேலியோரத்துப் புதர் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. ஆங்கிலப் பழங்கதைகளில் ஷெர்வுட் காட்டில் வாழும் கொள்ளைத்தலைவன் ராபின் ஹூட் என்றால் பச்சை என்று மனத்தில் பதிந்துபோன படமே அந்தப் பிழைக்குக் காரணம். இடைக்கால இங்கிலாந்தில் சட்டத்தால் கைவிடப்பட்டுக் காட்டுக்குள் போனவர்கள் சீருடை அணிந்த படையினர் அல்லர். உழவன், மாவாலைக்காரனின் மகன், நிலமிழந்த வீரன், மடத்தை விட்டு ஓடியவன் என்று வெவ்வேறு வாழ்க்கையிலிருந்து, உடுத்திய துணியோடு வந்து சேர்ந்தவர்கள். யார் எங்கிருந்து வந்தார் என்பது அவரவர் துணியில் தெரிய வேண்டும். எல்லாரும் ஒரே காட்டில்தான் உறங்கி எழுகிறார்கள் என்பதும் கூடவே தெரிய வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் ஒருசேர அடைவதற்கானவை.

முதல் படி: ஆண்டைத் தீர்மானித்தல்

கடைப் பட்டியலைத் திறப்பதற்கு முன்பே உங்கள் கூட்டம் எந்த ஆண்டில் வாழ்கிறது என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். ராபின் ஹூட்டுக்கு நிலையான காலம் என்று ஒன்று கிடையாது. அவனைப் பற்றிய பாட்டுகள் மக்களிடையே வழங்கிவந்த செய்தி, 1377-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஓர் ஆங்கிலக் கவிதையில் தலைகாட்டுகிறது. பழைய கதைப்பாட்டுகளில் களம் ஷெர்வுட்டாக இருப்பதைப் போலவே யார்க்‌ஷயரின் பார்ன்ஸ்டேலாகவும் இருக்கிறது. அவற்றுள் நீளமான கதைப்பாட்டில் வரும் அரசரின் பெயர் எட்வர்டு. ரிச்சர்டு அரசர் அயல்நாட்டில் சிறைப்பட்டிருந்த 1193, 1194 ஆண்டுகளில் ராபினைக் கொண்டுபோய் வைத்தவர், 1521-இல் வரலாறு எழுதிய ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் மேஜர். நாம் இன்று 'உண்மையான' காலம் என்று நினைப்பது அவர் செய்த ஏற்பாடுதான்.

1194-ஐத் தேர்ந்தால் களம் தயாராகவே இருக்கிறது. அந்த மார்ச் மாதத்தில் ரிச்சர்டு திரும்பிவந்து நாட்டிங்ஹாம் கோட்டையை முற்றுகையிட்டுப் பிடித்தார். ஆனால் இரண்டு பொறிகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அரசரின் வட்டார அதிகாரியான ஷெரீஃபின் ஆட்களுடைய கேடயத்தில் மூன்று சிங்கங்களை வரைவது. அந்தச் சின்னம் ரிச்சர்டின் இரண்டாம் பெருமுத்திரையில், 1198-இல், காணப்படுவது. மற்றொன்று, ராபின் கூட்டத்தில் வரும் டக் துறவி. இரந்துண்ணும் துறவிகளான டொமினிக்கன் சபையார் இங்கிலாந்துக்கு வந்தது 1221-இல், பிரான்சிஸ்கன் சபையார் வந்தது 1224-இல். ஆகவே 1194-இல் அவரைக் கறுப்பு அங்கி அணிந்த பெனடிக்டின் மடத்துத் துறவியாகவோ தனித்து வாழும் ஆசிரமவாசியாகவோதான் காட்ட முடியும்.

1215 முதல் 1217 வரை நடந்த பிரபுக்களின் போர்க்காலம் இன்னொரு நல்ல தேர்வு. தென்னிங்கிலாந்தின் வீல்ட் காட்டில் வில்லாளர்களைத் திரட்டி, படையெடுத்துவந்த பிரெஞ்சு இளவரசர் லூயியின் படைகளை அலைக்கழித்த கென்ஷம் ஊர் வில்லியம் அப்போதுதான் வாழ்ந்தார். நாட்டிங்ஹாமின் ஷெரீஃபாக இருந்த ஃபிலிப் மார்க், பதவியிலிருந்து நீக்கப்பட வேண்டியவர்களுள் ஒருவராக 1215-இன் மாக்னா கார்ட்டா என்னும் உரிமைச் சாசனத்திலேயே பெயர் சுட்டப்பட்டவர். இதைவிடப் பொருத்தமான வில்லன் கற்பனையிலும் கிடைக்க மாட்டான்.

என் தேர்வு 1326 முதல் 1332 வரையிலான காலம். லெஸ்டர்‌ஷயரின் ஃபோல்வில் குடும்பத்துச் சகோதரர்கள் 1326-இல் அரசக் கருவூல நீதிபதி ரோஜர் பெல்லர்ஸைக் கொன்றார்கள். 1332-இல் நீதிபதி ரிச்சர்டு வில்லபியைக் கடத்தி 1,300 மார்க் மீட்புப் பணம் கேட்டார்கள். அந்தச் சகோதரர்களில் ஒருவர் டீ என்னும் ஊரின் பங்குக்குரு. பழங்கதை கேட்கும் எல்லாமே இந்தக் காலத்தில் இயல்பாகப் பொருந்துகின்றன: நெடுவில், வால் தொங்கும் முக்காடு, சாம்பல் அங்கித் துறவி, எட்வர்டு என்ற பெயருடைய அரசர். மேலும், கூட்டத்தலைவன் ஏழைகளின் காவலனாக இல்லாமல் வளையக் கவசம் வாங்க வசதியுள்ள கோபக்கார நிலவுடைமையாளனாக இருப்பது விளையாட்டுக்கும் சுவை கூட்டுகிறது.

இரண்டாம் படி: உருவங்களைச் சேகரித்தல்

இவ்வகை விளையாட்டுகளில் பரவலாகப் புழங்குவது 28 மி.மீ. அளவு. உள்ளங்காலிலிருந்து கண்வரை அளப்பது வழக்கம் என்பதாலும், ஒவ்வொரு சிற்பிக்கும் கைப்பழக்கம் வேறு என்பதாலும், இரண்டு நிறுவனங்களின் 28 மி.மீ. உருவங்கள் அண்ணன் தம்பி போல் உயரம் மாறி நிற்கும். காட்டுக்கூட்டத்துக்கு அது குறையே அல்ல. தலையின் பருமனும் கையின் தடிப்பும்தான் ஒத்துப்போக வேண்டும். அவை மாறினால் கண் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தப் பொழுதுபோக்கின் தலைநகரம் நாட்டிங்ஹாம்தான் என்பது ஒரு நல்ல தற்செயல். கேம்ஸ் வொர்க்‌ஷாப், வார்லார்டு கேம்ஸ், பெர்ரி மினியேச்சர்ஸ் ஆகிய மூன்றும் அங்கிருந்தே இயங்குகின்றன. உலோக வார்ப்புக் கூடங்கள் பெருகிய அந்த வட்டாரத்தை ரசிகர்கள் விளையாட்டாக 'ஈயப் பட்டை' என்று அழைப்பார்கள். ராபின் ஹூட்டின் ஊரிலிருந்தே ராபின் ஹூட்டை வரவழைக்கலாம்.

எட்டு முதல் பன்னிரண்டு பேர் போதும். ஒரு தலைவன், தடி ஏந்திய ஒரு பேருருவன், ஒரு துறவி, வில்லாளர் ஐந்தாறு பேர், ஒரு சிறுவன், பழைய கவசத்தோடு வந்த ஒரு வீரன் என்று தொடங்குங்கள். பெண் உருவம் ஒன்றையும் சேருங்கள். பட்டுடை அணிந்த சீமாட்டி வேண்டாம், கட்டிய பாவாடையோடு கூடை சுமந்து செய்தி கொண்டுவரும் கிராமத்துப் பெண் போதும்.

தலைமை மாந்தர்களை உலோகத்திலும் மற்றவர்களைப் பிளாஸ்டிக்கிலும் வாங்குவதே என் பழக்கம். உலோக உருவத்துக்குக் கையில் எடை உண்டு, முகத்தில் உயிர் உண்டு; பிளாஸ்டிக் பெட்டியிலோ மாற்றிப் பொருத்தத் தலைகளும் கைகளும் நிறையக் கிடைக்கும். கிரிப்பிங் பீஸ்ட் நிறுவனத்தின் கவசமற்ற இருண்டகால வீரர்கள் முழங்கால்வரை தொங்கும் எளிய அங்கி அணிந்தவர்கள் என்பதால் 1194-க்கு எளிதில் மாற்றலாம். ஃபயர்ஃபோர்ஜின் காலாட் சார்ஜன்ட்டுகள் பதின்மூன்றாம் நூற்றாண்டு ஷெரீஃபின் ஆட்களாக நிற்பார்கள். பெர்ரி சகோதரர்களின் வில்லாளர்கள் 1415-இல் நடந்த அஜின்கோர்ட் போரின் காலத்தவர்கள், 1330-க்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் பிந்தியவர்கள். ஆனால் அவர்களுக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. சசெக்ஸின் லிண்ட்ஃபீல்டில் குருவாக இருந்த ராபர்ட் ஸ்டாஃபர்டு, 'டக் துறவி' என்ற புனைபெயரில் கொள்ளைக்கூட்டம் நடத்தியதற்காக 1417-இல் அரசாணையில் இடம்பெற்றவர். அஜின்கோர்ட் போருக்கு இரண்டே ஆண்டுகள் பிந்தியவர் அவர்.

இந்தியாவுக்கு வரவழைப்பவர்கள் அஞ்சல் கட்டணத்தையும் சுங்கத்தையும் கணக்கிட்ட பிறகே கூடையை நிரப்புங்கள். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே பொதியாக வாங்குவது பெரிய ஆறுதல். வீட்டில் ரெசின் அச்சுப்பொறி இருந்தால் உருவக்கோப்பை வாங்கி அச்சிடலாம். ஆனால் மெல்லிய ரெசின் வில் முதல் ஆட்டத்திலேயே முறிந்துவிடும் என்பதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: சுத்தம் செய்தல், ஒட்டுதல்

வார்ப்பின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் ஓடும் கோட்டைக் கூரான கத்தியின் முதுகால் சுரண்டுங்கள், பிறகு நுண்ணிய அரத்தால் தேயுங்கள். முக்காட்டின் ஓரத்திலும் தோள்பட்டையிலும் இந்தக் கோடு மறைந்திருக்கும். வண்ணம் பூசிய பிறகுதான் சிரிக்கும். பழைய வார்ப்புகளில் ஈயம் கலந்திருப்பதால் அரம் போடும்போது முகமூடி அணிந்து, முடித்ததும் கையைச் சோப்பால் கழுவுங்கள். அந்த மேசையில் காப்பிக் கோப்பை வைக்க வேண்டாம். பிறகு உருவத்தை வெதுவெதுப்பான சோப்பு நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்து உலரவிடுங்கள்.

பிளாஸ்டிக்கைப் பிளாஸ்டிக் பசையாலும், உலோகத்தையும் ரெசினையும் ஃபெவிக்விக் போன்ற உடனொட்டும் பசையாலும் ஒட்டுங்கள். உலோகக் கை தனியாக வந்தால் பசையை மட்டும் நம்பாமல் இரு பக்கமும் சிறு துளையிட்டு மெல்லிய கம்பியைச் செருகுங்கள். முக்காட்டின் வாலை நீட்டவும், கிழிந்த மேலாடையை உருவாக்கவும் இரு கூறுகளைப் பிசைந்து சேர்க்கும் எபாக்சி மாவு உதவும். நுண்ணிய வேலைக்கு 'கிரீன் ஸ்டஃப்' எனப்படும் பச்சை மாவு சிறந்தது; அடித்தட்டில் வேரும் பாறையும் செய்வதற்கு நம் கடைகளில் கிடைக்கும் எம்-சீலே போதும்.

நான்காம் படி: பிரைமர்

கடலோர ஊர்களில் இருப்பவர்கள் இந்தப் படியில்தான் ஏமாறுகிறார்கள். வண்ணம் பிடிப்பதற்காக முதலில் போடும் அடிப்பூச்சுதான் பிரைமர். மழை வரப்போகும் ஒரு மாலையில் தெளிப்பான் பிரைமரை அடித்து, காலையில் பார்த்தபோது என் வில்லாளர்கள் எல்லாரும் ரவையில் புரட்டியெடுத்தவர்கள் போல் நின்றார்கள். காற்றில் ஈரம் குறைந்த முற்பகலில், நிழலில், டப்பாவை நன்றாகக் குலுக்கி, ஒரு சாண் தொலைவுக்குச் சற்று மேலிருந்து குறுகிய வீச்சுகளாக அடியுங்கள். அதற்கு வாய்ப்பில்லாத மாதங்களில் தூரிகையால் பூசும் பிரைமரை இரண்டு மெல்லிய பூச்சாகப் போடுவதே பாதுகாப்பானது.

முதலில் முழுவதும் கறுப்பு. அது உலர்ந்ததும் தலைக்கு மேலிருந்து மட்டும் வெள்ளை. வெளிச்சம் எங்கே விழும், நிழல் எங்கே தங்கும் என்று இந்த இரட்டைப் பூச்சு முன்கூட்டியே வரைந்து காட்டிவிடுகிறது. காட்டுக்குள் இலைகளின் இடைவெளி வழியாக ஒளி மேலிருந்தே இறங்கும் என்பதால், இந்தக் கூட்டத்துக்கு இது மிகவும் பொருந்துகிறது.

ஐந்தாம் படி: துணி

வழிகாட்டியின் மையம் இதுதான், ஏனென்றால் காட்டுக்கூட்டம் என்பது உலோகம் குறைந்த, துணி மிகுந்த கூட்டம். அந்தத் துணி பெரும்பாலும் கம்பளி. சாயமேற்றாத கம்பளி பழுப்பு, சாம்பல், மங்கிய வெள்ளை ஆகிய நிறங்களில் கிடைக்கும். ஏழைகள் அணிந்தது அதுதான். 1363-இன் உடைச்சட்டம் வண்டிக்காரர், ஏர் உழுபவர் போன்றோர் முரட்டுக் கம்பளியையும் ரசெட் எனப்படும் செம்பழுப்புச் சாம்பல் துணியையும் தவிர வேறெதையும் உடுத்தக் கூடாது என்றே விதித்தது. ஆகவே உங்கள் கூட்டத்தில் பாதிப்பேருக்குப் பச்சையே வேண்டாம்.

பச்சை அணிபவர்களுக்கு அது எப்படிக் கிடைத்தது என்று தெரிந்தால் பூசுவது எளிது. லிங்கன் நகரத்துப் பச்சைக்காக, துணியை முதலில் வோட் செடியின் நீலத்தில் தோய்த்து, பிறகு வெல்ட் செடியின் மஞ்சளில் தோய்த்தார்கள். நம் அவுரியில் உள்ள நீலப்பொருளேதான் வோடிலும் உள்ளது. மஞ்சள் நிற்பதற்குப் படிகாரம் சேர்த்தார்கள். இந்த இரண்டில் மஞ்சள் வெயிலுக்கு விரைவில் வெளிறும், நீலம் தாக்குப்பிடிக்கும். பழைய ஐரோப்பியத் திரைச்சீலைகளில் மரங்கள் நீலமாகத் தெரிவதற்கு இதுவே காரணம். எனவே புதுத்துணி அணிந்த தலைவனுக்கு மஞ்சள் கலந்த பச்சையும், பல வெயில் கண்ட மேலாடைக்கு நீலம் எட்டிப்பார்க்கும் சாம்பற்பச்சையும் கொடுத்தால், ஒரே சாயத்திலிருந்து நாலைந்து பச்சைகள் பிறக்கும். அவை உறவினர்கள் போல் ஒத்திருக்கும், ஆனால் ஒரே நிறமாக இருக்காது.

செய்முறை இது. வயேஹோ என்ற நிறுவனத்தின் வண்ண வரிசையில் உள்ள 'ரஷ்யன் யூனிஃபார்ம்' என்ற மங்கிய பச்சையை அடிநிறமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவனுக்கு அதில் சிறிது காவி, இன்னொருவனுக்குச் சிறிது நீலச்சாம்பல், மூன்றாமவனுக்கு 'ஃப்ளாட் எர்த்' பழுப்பு என்று ஒவ்வொரு துளி சேருங்கள். வண்ணம் மோர்ப் பதத்தில் இருக்க வேண்டும். குழம்புப் பதத்தில் இருந்தால் மடிப்புகள் அடைபட்டுப் போகும். ஒரு டிபன் மூடியில் நனைத்த பஞ்சுத்தாள் விரித்து, மேலே பேக்கிங் தாள் போட்டால் ஈரத்தட்டு தயார். நம் வெப்பத்தில் அக்ரிலிக் வண்ணம் தூரிகை நுனியிலேயே காய்ந்துவிடும் என்பதால், பூசும் நேரத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அடிநிறம் உலர்ந்ததும் 'அக்ராக்ஸ் எர்த்‌ஷேடு' போன்ற பழுப்பு வாஷை, அதாவது நிழல் காட்டும் நீர்த்த வண்ணத்தை, மடிப்புகளுக்குள் மட்டும் இறக்குங்கள். பிறகு மடிப்பின் மேட்டில் அடிநிறத்தையே மீண்டும் பூசி, அதனுடன் 'பஃப்' என்ற வெளிர் மணல்நிறம் கலந்து ஒளிர்விடுங்கள். வெள்ளையைச் சேர்க்காதீர்கள், வெள்ளை சேர்ந்த பச்சை சாக்பீஸ் போல் வெளுத்து, கம்பளிக்குரிய வெதுவெதுப்பை இழக்கும். இந்தப் 'பஃப்' நிறத்தைப் பச்சை, பழுப்பு, சாம்பல், சிவப்பு என்று எல்லாத் துணிகளின் ஒளிப்பூச்சிலும் கலந்துவிடுங்கள். வெவ்வேறு நிறத்தார் ஒரே கூட்டமாகத் தெரிவதன் ரகசியம் முக்கால்வாசி இதில்தான் இருக்கிறது.

சிவப்பு ஒரே ஒருவருக்கு. வில் ஸ்கார்லெட் என்ற பெயரை வைத்துக்கொண்டு எல்லாரும் அவனுக்கு ரத்தச் சிவப்பைப் பூசுகிறார்கள். ஸ்கார்லெட் என்பது லிங்கனில் நெய்யப்பட்ட விலையுயர்ந்த துணியின் பெயரும்கூட. அதை அணிந்தவன் பணக்காரனாகவோ பணக்காரனிடம் பறித்தவனாகவோ இருக்க வேண்டும். நம் மஞ்சிட்டியின் ஐரோப்பிய உறவான மாடர் வேரிலிருந்து கிடைக்கும் செங்கல் சிவப்பு மற்ற எவருக்கும் பொருந்தும். முக்காட்டுக்கு மட்டும் அந்த நிறத்தைக் கொடுத்தால் போதும்.

துணிகளுக்கு அடிநிறம் போட்டு முடித்த கட்டத்தில் நிறுத்தி, எல்லா உருவங்களையும் மேசையில் நிறுத்தி, இரண்டடி பின்னால் போய்ப் பாருங்கள். எந்த இரண்டு பேர் ஒருவராகக் கலந்து தெரிகிறார்களோ அவர்களில் ஒருவரின் முக்காட்டையோ காலுறையையோ மாற்றுங்கள். மெருகேற்றிய பிறகு மாற்ற மனம் வராது.

ஆறாம் படி: முகம், வில், துறவி

முகத்துக்கு நடுத்தரப் பழுப்பில் தொடங்கி, செம்பழுப்பு வாஷ் கொடுத்து, மூக்கு, கன்னம், புருவமேடு ஆகியவற்றை வெளிர்நிறத்தால் தூக்குங்கள். வெளியில் வாழ்பவர்கள் என்பதால் மூக்கிலும் கன்னத்திலும் சிறிது சிவப்பு, சிறுவனைத் தவிர மற்ற ஆண்களின் தாடையில் சாம்பல் கலந்த நிழல். முக்காட்டுக்குள் இருக்கும் கண்களை வரைய வேண்டாம் என்பதே என் கருத்து. ஆழ்ந்த பழுப்புக் கோடு ஒன்றே பார்வையாகிவிடும். வெள்ளை விழி வைத்தால் வில்லாளன் பேயைக் கண்டவன் போல் விழிப்பான்.

வில்லில்தான் பலரும் சோம்பல்படுகிறார்கள். யூ மரத்து வில்லின் உட்பக்கம், அதாவது எய்பவனை நோக்கிய பக்கம், வைரம் பாய்ந்த செம்பழுப்பு. வெளிப்பக்கம் மரத்தின் வெளிர்ந்த புறப்பகுதியான பாலாடை நிறம். இரு நிறங்களையும் பிரித்து ஒரு கோடு இழுக்க ஒரு நிமிடம் கூட ஆகாது. ஆனால் அது வெறும் குச்சியை வில்லாக்கிவிடும். நெடுவில் ஆளுயரம் இருக்க வேண்டும். கையடக்கமான வளைவில் வந்தால் வெட்டியெறிந்து கம்பியால் புதிதாகச் செய்யுங்கள். அம்புகள் முதுகுத் தூணியில் இருப்பதைவிட இடைவாரில் செருகியிருப்பதே அக்கால ஓவியங்களுக்கு நெருக்கமானது. அம்பிறகு வாத்திறகின் சாம்பல் வெள்ளை. தலைவனுக்கு மட்டும் மயிலிறகுப் பச்சைநீலம் வைக்கலாம், ஏனென்றால் பழைய கதைப்பாட்டிலேயே மயிலிறகு கட்டிய அம்புகள் வருகின்றன.

துறவிக்குப் பழுப்பு அங்கி வேண்டாம். இங்கிலாந்தில் பிரான்சிஸ்கன் சபையாரைச் சாம்பல் துறவிகள் என்றே அழைத்தார்கள். சாயமேற்றாத கம்பளியின் சாம்பல், இடையில் முடிச்சிட்ட வெள்ளைக் கயிறு, உச்சியில் மழித்த வட்டம். டொமினிக்கன் என்றால் வெள்ளை அங்கிக்கு மேல் கறுப்பு மேலங்கி.

பேருருவனின் தடி சிலம்பக் கம்பைவிடத் தடித்தது. கைபட்டு வழுவழுப்பான நடுப்பகுதியைச் சற்று இருட்டாகக் காட்டுங்கள். கவசம் அணிந்தவனுக்குக் கறுப்பின் மேல் எஃகு நிறத்தை உலர்தூரிகையால், அதாவது வண்ணத்தைப் பெரும்பாலும் துடைத்துவிட்ட தூரிகையால், தேய்த்து, பழுப்பு வாஷால் மங்கச் செய்யுங்கள். எண்ணெய் போட ஆளில்லாத காட்டில் கீழ்விளிம்பில் மட்டும் கொஞ்சம் துரு. கூட்டத்தில் வேட்டைநாய் இருந்தால் ஒரு சிறு தகவல்: அரசக் காட்டுக்குள் வாழ்பவர்களின் நாய்களுக்கு மான் துரத்த முடியாதபடி முன்காலின் மூன்று நகங்களை வெட்டும் வழக்கத்தை 1217-இன் காட்டுச் சாசனம் வரையறுத்தது. 28 மி.மீ. அளவில் அது யார் கண்ணுக்கும் தெரியாது என்றாலும் நான் செதுக்கியிருக்கிறேன்.

ஏழாம் படி: அழுக்கும் அடித்தட்டும்

அழுக்கை எல்லார் மேலும் ஒரே அளவில் பூசாதீர்கள். முழங்காலுக்குக் கீழே, மேலாடையின் ஓரத்தில், தரையின் நிறத்தையே சிறு கடற்பஞ்சால் ஒற்றுங்கள். முழங்கையிலும் முழங்காலிலும் வேறு நிறத்தில் சதுர ஒட்டு ஒன்றை வரைந்து, நான்கு பக்கமும் புள்ளிபோல் தையல் வைத்தால் அந்த மனிதனுக்கு ஒரு குளிர்காலம் கழிந்துவிடும்.

அடித்தட்டுக்கு இலையுதிர்காலத்தையே நான் பரிந்துரைக்கிறேன். ஷெர்வுட் மணற்பாங்கான நிலம். ஓக், பர்ச் மரங்களின் அடியில் வளரும் பிராக்கன் பெரணி இலையுதிர்காலத்தில் துருநிறமாகிவிடும். பச்சைப்புல் மேல் நிற்கும் பச்சை மனிதன் மறைந்துபோவான்; துருநிற இலைகள் மேல் நின்றால் அதே பச்சை முன்னே வரும். என் முதல் கூட்டம் புதராகத் தெரிந்ததற்கு வண்ணம் எவ்வளவு காரணமோ அவ்வளவுக்கு அடியில் ஒட்டியிருந்த பசும்புல்லும் காரணம்.

25 மி.மீ. வட்டத் தட்டில் ஃபெவிகாலைத் தடவி, சலித்த மணலைத் தூவி, ஒரு இரவு உலரவிடுங்கள். அடர்பழுப்புப் பூசி, மேட்டில் காவியையும் 'பஃப்'பையும் உலர்தூரிகையால் தேயுங்கள். இலைச்சருகுக்குப் பயன்படுத்தி உலர்த்திய தேயிலைத்தூளைவிட மலிவான பொருள் இல்லை; பூஞ்சை பிடிக்காமலிருக்க நன்றாக வெயிலில் காயவைத்து, ஒட்டிய பிறகு நீர்த்த ஃபெவிகாலை மேலே சொட்டுங்கள். ஓரிரு தட்டுகளில் மட்டும் விழுந்த கிளை, வெட்டிய அடிமரம், பாதி மூடிய பாறை. தட்டின் விளிம்பை எல்லாருக்கும் ஒரே அடர்பழுப்பில் முடியுங்கள்.

எதிர்த்தரப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஷெரீஃபுக்கும் அவருடன் வரும் வீரப்பெருமகனுக்கும் மட்டும் தெளிவான குலச்சின்னம் கொடுங்கள். மற்ற ஆட்களுக்கு இரும்புத் தொப்பியும், கூட்டத்தினரைவிடப் புதிய, அழுக்கற்ற துணியும் போதும். அரசரின் மானை ஓர் இலக்குக் குறியீடாக மேசையில் வைத்தால் இரு தரப்பும் மோதுவதற்குக் காரணம் தானாகக் கிடைத்துவிடும்.

எட்டாம் படி: வார்னிஷ், பெட்டி

விளையாட்டில் கைபடும் என்பதால் முதலில் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு, அது முழுதாக உலர்ந்ததும் மேலே மங்கல் வார்னிஷ் இரண்டு பூச்சு. ஈரமான நாளில் மங்கல் வார்னிஷைத் தெளித்தால் வெண்படலம் படியும். பிரைமருக்குச் சொன்ன அதே எச்சரிக்கை இங்கும் பொருந்தும். வில்லின் நுனியையும் அம்பிறகையும் தூரிகையால் இன்னொரு முறை தொட்டுவிடுங்கள், ஏனென்றால் வண்ணம் முதலில் உரிவது அங்கேதான். தட்டின் அடியில் சிறு காந்த வில்லையை ஒட்டி, இரும்புத் தகடு பதித்த பிஸ்கட் டப்பாவில் நிறுத்திவைத்தால் பேருந்துப் பயணத்திலும் யாரும் சாய மாட்டார்கள். பஞ்சுப் பொதியில் படுக்கவைத்தால் முதலில் வளைவது வில்தான்.